கீழ் அம்புக்கு அனுமதி இல்லை

பாலாறு நல்வாக்கு ஒலிநூல் நிலையத்தில் ஒரு தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், ஒரு செயலாளர், ஒரு துணைச் செயலாளர், பதினோரு செயற்குழு உறுப்பினர்கள், நான்கு கௌரவ ஆலோசகர்கள், ஒரு மைக் ஆகியவை இருந்தன. மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து வாசிப்பதற்கு ஒரே ஒருத்தி இருந்தாள். அவள் பெயர் அமிர்தவள்ளி.

கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகங்களை வாசித்து, பதிந்து, சிடியில் போட்டுப் பள்ளிகளுக்கு அனுப்புவது நிலையத்தின் நோக்கம். இது வாசலில் இருந்த பளிங்குக் கல்லில் பொறிக்கப்பட்டிருந்தது. கல்லில் பாதிக்கு மேல் திறந்து வைத்தவர்களின் பெயர்கள் என்பதால் நோக்கத்தைக் கொஞ்சம் குனிந்து படிக்க வேண்டும். ஆம்பூரில், மூடிக்கிடந்த ஒரு தோல் கிடங்கில் நிலையம் நடந்தது. கிடங்கு காலியாகிப் பல வருஷம் ஆகியும் வாசனை காலி பண்ணவில்லை.

அமிர்தவள்ளி பதின்மூன்று வருஷம் ஷூ ஃபாக்டரியில் மேல்தோல் தைத்தவள். கடைசி ஐந்து வருஷம் மைக்கில் அறிவிப்பும் சொன்னாள். இருநூறு தையல் மெஷின் ஓடுகிற சத்தத்திலும் அவள் சொல்வதில் ஓர் எழுத்துகூட நசுங்காது என்று சூப்பர்வைசரே சொல்வார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிப்பதும் அவள்தான். அங்கேதான் அவள் குரல் செயலாளர் நத்தானியேலின் காதில் விழுந்தது. அவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஒரு மனிதரைப் பார்த்ததும் இவரை எந்தக் கமிட்டியில் போடலாம் என்று யோசிக்கிறவர். போட முடியாதவளாக இருந்ததால் இவளுக்கு வேலை கொடுத்தார்.

ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிந்து பணி நிரந்தரம் ஆகவில்லையென்றால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது. ஃபாக்டரியில் அவள் எழுந்த ஸ்டூலில் மறுநாள் காலையே வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். 2008ஆம் வருஷம் ஜூன் மாதம், இது தெரிந்தேதான் அமிர்தவள்ளி இங்கே வந்தாள். புத்தகம் வாசிக்கிற வேலை என்றால் அவளுக்கு அவ்வளவு ஆசை.

கம்ப்யூட்டர், தலைவர் நயீம் அகமதுவின் தோல் கம்பெனியில் பழசாகிப்போனது. அதைத் தட்டிச் சரிசெய்து, லினக்ஸ் போட்டு, ஒலிப்பதிவுக்குத் தயார் பண்ணிக் கொடுத்தவர் ஜெயகரன் என்ற காட்பாடிக்காரர். காலேஜில் பாடம் எடுக்கிறவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் சும்மா கொடுத்தார். வாசிக்கிறவரின் குரல் மைக் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் போய், ஹெட்போன் வழியாக அவர் காதுக்கே திரும்பி வரவேண்டும். கம்ப்யூட்டருக்குள் எந்த வேலை முதலில், எந்த வேலை பிறகு என்று தீர்மானிக்கிற மேஸ்திரிக்குக் கெர்னல் என்று பெயர். சாதாரணக் கெர்னல், வந்த குரலையும் மற்ற வேலைகளோடு வரிசையில் நிற்க வைக்கும். நடுவில் அறுந்துவிடாமல் இருக்க, குரலைப் பெரிய தொட்டியில் தோல் ஊறப்போடுகிற மாதிரி சேர்த்து வைத்துத்தான் வெளியே எடுக்க முடியும். ஜெயகரன் அந்தக் கெர்னலுக்கு, கிழிசலுக்குத் துண்டு வைத்துத் தைக்கிற மாதிரி, ஒரு பேட்ச் போட்டார். பேட்ச் போட்ட கெர்னல், குரல் வந்ததும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு அதை முதலில் கவனிக்கும். தொட்டி தேவையில்லை, டம்ளர் போதும். பேசின அந்த நொடியே காதில் கேட்கும்.

ஒரு முன்ஜாக்கிரதைக்காக ஜெயகரன் பழைய கெர்னலையும் அழிக்காமல் விட்டார். கம்ப்யூட்டர் உயிர் பெறும்போது திரையில் இரண்டு வரி வரும். மேல் வரி பழசு, கீழ் வரி புதுசு. பத்து விநாடிக்குள் யாரும் எதையும் தொடாவிட்டால் மேல் வரி ஓடத் தொடங்கிவிடும். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் புதுசை மேலே மாற்றிவிடுகிறேன் என்றார். அந்த மாதம் முடிவதற்குள் அவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. போகும்போது ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்: 'ஆன் செய்ததும் கீழ் அம்பு ஒரு தடவை, பிறகு என்டர்.'

செயலாளர் அந்தச் சீட்டை லேமினேட் செய்தார். கேடயங்கள் இருக்கிற கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, மேலே ஒரு டியூப் லைட் போட்டார். கரண்ட் போனாலும் அது எரிய வேண்டும் என்பதற்காக நிலையத்தின் ஒரே யுபிஎஸ்ஸை அதற்குக் கொடுத்தார். கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இல்லை.

கம்ப்யூட்டர் அர்ப்பணிப்பு விழாவில் தலைவர் நயீம் அகமது பேசினார். "நான் முப்பத்தெட்டு வருஷமா எக்ஸ்போர்ட் பண்றவன். பேட்ச் போட்ட சரக்கு என் கம்பெனிலேர்ந்து ஒரு பீஸ் வெளிய போனதில்ல. தம்பி ஏதோ பேட்ச் போட்டிருக்காராம். நல்ல காரியம்தான். ஆனா மினிட்ஸ்ல எழுதாதீங்க. பேர் கெட்டுடும்" என்றார். கைதட்டினார்கள். மினிட்ஸில் எழுதவில்லை. இப்படியாக, அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு கெர்னல்கள் இருக்கிற விஷயம் நிலையத்தின் எந்த ஆவணத்திலும் இல்லாமல் போயிற்று. ஆவணத்தில் இல்லாத எதுவும் அங்கே இருந்ததில்லை.

கணினிப் பொறுப்பாளர் நெல்வின், செயலாளரின் மருமகன். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று மூன்று ஊரில் மூன்று நிறுவனங்களுக்குப் பொறுப்பாளர். காலை ஒன்பது மணிக்கு பைக்கில் வந்து, கம்ப்யூட்டரை ஆன் செய்து, இரண்டு பட்டனைத் தட்டி, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, ஒன்பது இருபதுக்குப் போய்விடுவார். விதி பதினாலின்படி, கம்ப்யூட்டர் தொடங்கும்போது அவரைத் தவிர வேறு யாரும் கீபோர்டைத் தொடக்கூடாது.

அந்த வருஷம் தினமும் பகலில் இரண்டு மணி நேரம் கரண்ட் கட். ஆம்பூரில் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானாகவே ஆன் ஆகிற மாதிரி நெல்வின் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். யாரும் கைவைக்கத் தேவையில்லாத இந்த ஏற்பாட்டுக்காக அவருக்குச் செயற்குழு பொன்னாடை போர்த்தியது. இரண்டு மணிக்கு கம்ப்யூட்டர் தானாக எழும். திரையில் இரண்டு வரி வரும். விதியின்படி யாரும் தொடமாட்டார்கள். பத்து விநாடி கழியும்.

முதல் நாள் மதியம் அமிர்தவள்ளி புவியியல் பாடத்தில் பாலாற்றைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தாள். 'பாலாறு' என்று சொல்லி அடுத்த சொல்லுக்குப் போகும்போது, சொல்லி முடித்த 'பாலாறு' ஹெட்போனில் வந்தது. நாக்கு ஒரு கணம் நின்று காதுக்காகக் காத்திருந்தது. மறுபடி தொடங்கினால் மறுபடி பின்னாலேயே வந்தது. "பா... பாலா... லாறு கர்... கர்நா" என்று பதிவாயிற்று. காலையில் நாற்பது பக்கம் தண்ணீர் மாதிரி வாசித்தவள். பிறந்ததிலிருந்து ஒரு சொல்லில்கூடத் தடுக்கி விழாதவள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

ஹெட்போன் இல்லாமல் வாசித்தால் சரியாக வந்தது. ஆனால் விதி ஒன்பதின்படி, ஹெட்போன் அணியாமல் செய்த பதிவு செல்லாது.

மறுநாளே புகார் கொடுத்தாள். அதற்கு மூன்று பிரதியில் படிவம் உண்டு. 'குறையின் தன்மை' என்ற இடத்தில், 'மதியத்தில் என் குரல் கொஞ்சம் லேட்டாக வருகிறது' என்று எழுதினாள். எவ்வளவு லேட் என்று கேட்டார்கள். ஒரு விநாடியை ஐந்தாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு இருக்கும் என்றாள். நாற்பத்தேழு நாள் கழித்துச் செயலாளர் அவளைக் கூப்பிட்டுப் பதில் சொன்னார்.

"ஏம்மா, ஒரு விநாடியில அஞ்சுல ஒரு பங்கு. இதுக்குப் பேரு தாமதமா? எங்க ஸ்கூலுக்குக் கக்கூஸ் கட்ட நான் எழுதிப்போட்டு பதினோரு வருஷம் கழிச்சு சாங்ஷன் ஆச்சு. நான் ரிட்டயர் ஆயிட்டேன். அந்தப் பசங்கள்லாம் படிச்சு முடிச்சு அவங்க பசங்க சேர்ந்துட்டாங்க. நான் ஒரு வார்த்த பேசியிருப்பேனா? தாமதத்தைத் தாங்கிக்கிறதுதாம்மா நிர்வாகம்."

ஆனாலும் நடவடிக்கை எடுக்காமல் இல்லை. நெல்வினிடம் சோதனை அறிக்கை கேட்டார்கள். நெல்வின் காலை ஒன்பது பத்துக்கு ஹெட்போனை மாட்டி, மைக் முன்னால் இரண்டு முறை கைதட்டிப் பார்த்தார். தட்டியதும் கேட்டது. 'குறை இயந்திரத்தில் இல்லை' என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் ஒயரை மாற்றினார்கள், அதற்கடுத்த வாரம் மைக்கை மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் காலையில் கைதட்டிப் பார்த்தார்கள். காலையில் எல்லாமே சரியாக இருந்தது.

காலையில் சரியாக வாசிக்கிறவள் மதியத்தில் குழறுகிறாள் என்றால் நடுவில் நடப்பது என்ன என்று செயற்குழு ஆராய்ந்தது. நடுவில் நடப்பது சாப்பாடு. மூன்று பேர் கொண்ட உணவு ஆய்வுத் துணைக்குழு அமைக்கப்பட்டு, ஒரு மணிக்கு வந்து அவள் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தது. தயிர் சாதமும் கத்தரிக்காய் வதக்கலும் இருந்தன. ஒருவர் முகர்ந்தார். இன்னொருவர் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்து, உப்பு ஜாஸ்தி என்று குறித்துக்கொண்டார். இரண்டு வாரம் மதியம் அவள் சாப்பிடக்கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. அமிர்தவள்ளி பட்டினி கிடந்து வாசித்தாள். அதே இடங்களில் திக்கினாள், சத்தம் மட்டும் கம்மியாக இருந்தது. சத்தம் குறைந்ததை முன்னேற்றம் என்று துணைக்குழு பதிவு செய்தது.

பிறகு அவளே ஒரு நாள் லீவு போட்டு வேலூருக்குப் போய், ஆஸ்பத்திரியில் பேச்சுப் பரிசோதனை செய்துகொண்டு சான்றிதழ் வாங்கி வந்தாள். பேச்சில் எந்தக் குறையும் இல்லை என்று டாக்டர் எழுதியிருந்தார். செயலாளர் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். பரிசோதனை நேரம் காலை பத்தரை மணி என்று இருப்பதால் இது மதியத்துக்குப் பொருந்தாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விஷயம் தலைவரிடம் போனது. நயீம் அகமது தோலைத் தொட்டுப் பார்த்தே ஆடு எந்த ஊர்ச் சந்தையில் வாங்கியது என்று சொல்லக்கூடியவர் என்று பேர். அவருக்குத் தெரிந்த ஒரே பரிசோதனை, தோலை மேஜையில் விரித்துத் தரம் பிரிப்பதுதான். கம்பெனியிலிருந்து அந்தப் படிவத்தையே கொண்டுவரச் சொன்னார். அமிர்தவள்ளியை முன்னால் உட்கார வைத்து, மதிய நேரத்துச் சிடி ஒன்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டே கட்டம் கட்டமாகக் குறித்தார். கீறல், உண்ணிக்கடி, கத்திவெட்டு என்ற கட்டங்களில் அவள் குரலுக்கு மார்க் விழுந்தது. மெஷினை ஒரு தடவை மதியத்தில் பார்த்தால் தேவலை முதலாளி என்று அவள் மெல்லச் சொன்னாள்.

"இத பாரும்மா, தோல்ல ஓட்டை இருந்துச்சுன்னா தோல்லதான் ஓட்டை. மேஜையில ஓட்டைன்னு சொல்ற லேபரை நான் ஒருநாளும் வெச்சுக்கிட்டதில்ல. உன் மேல எனக்குக் கோவம் கெடையாது. சரக்கு மேல எதுக்குக் கோவம்? தரத்தைப் போட்டு அடுக்கிட்டா முடிஞ்சுது, பேஜார் இல்ல."

ஐந்தாம் தரம், லைனிங்குக்கு மட்டும் என்று எழுதி முத்திரை குத்தினார். ஷூவின் உள்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்துத் தைக்கிற தோலுக்கு அந்தத் தரம். பதின்மூன்று வருஷம் ஷூ தைத்தவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அழுதுகொண்டே போனாள்.

தகுதிகாண் காலம் முடிய ஆறு வாரம் இருந்தது. அழுது ஆவது ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் அவள் ஃபாக்டரிக்காரியாக யோசித்தாள். தையல் சரியாக விழாவிட்டால் நூலைப் பார்ப்பாள், ஊசியைப் பார்ப்பாள், பிறகு மெஷின் எப்படி ஓடத் தொடங்குகிறது என்று பார்ப்பாள். ஒருநாள் ஒன்பது மணிக்கு முன்பே வந்து நெல்வின் பின்னால் நின்றாள். இரண்டு வரி வந்ததும் அவர் ஒரு பட்டனைத் தட்டினார், வெளிச்சம் மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு இறங்கியது, பிறகு என்டர். அன்று மதியம் இரண்டு மணிக்குத் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதே இரண்டு வரி வந்தது. வெளிச்சம் மேலேயே இருந்தது.

மறுநாள் நெல்வினிடம் அந்தப் பட்டன் எதற்கு என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்க்கா? அழுத்தச் சொன்னாங்க, அழுத்துறேன். ரெண்டு வருஷமா அழுத்துறேன். உனக்கு இன்னா அதப் பத்தி? சிஸ்டம் விஷயம் அது" என்றார் நெல்வின்.

அன்று மதியம் இரண்டு மணிக்கு அமிர்தவள்ளி கீழ் அம்பை ஒரு தடவை அழுத்தி, என்டரைத் தட்டினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு "பாலாறு" என்றாள். அவள் சொன்னபோதே, சொன்ன இடத்திலேயே, அந்தச் சொல் காதில் இருந்தது. ஐந்து மணி வரை நிறுத்தாமல் நாற்பத்திரண்டு பக்கம் வாசித்தாள். சிடியை எடுத்துக்கொண்டு செயலாளர் அறைக்கு ஓடினாள். சந்தோஷத்தில், எப்படிச் செய்தாள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

மறுநாள் காலை அவளுக்கு மெமோ கொடுக்கப்பட்டது. விதி பதினாலை மீறிக் கணினியின் தொடக்கத்தில் விரல் வைத்தது முதல் குற்றம். ஒரு பட்டன் போதும் என்று காட்டி, துணைக்குழுக்களின் ஐந்து மாத உழைப்பை அவமதித்தது இரண்டாவது. நாற்பத்திரண்டு பக்கமும் முறைகேடாகத் தெளிவாக இருந்ததால் அழிக்கப்பட்டன. அவற்றை மதியத்தில் முறைப்படி திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். முறைப்படி திக்கித் திக்கி வாசித்தாள். அந்தச் சிடி பள்ளிகளுக்குப் போயிற்று.

விசாரணை மதியம் மூன்று மணிக்கு ஒலிப்பதிவு அறையிலேயே நடந்தது. விதியின்படி நடவடிக்கைகளைப் பதிவு செய்ய வேண்டும், பதிவு செய்கிறவர் ஹெட்போன் அணிய வேண்டும். செயலாளர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குற்றப்பத்திரிகையை வாசிக்கத் தொடங்கினார். "அமிர்... அமிர்தவ... தவள்ளி" என்று வந்தது. அவர் நிறுத்தி, தொண்டையைச் செருமி, தண்ணீர் குடித்து, மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதேதான். முப்பத்திரண்டு வருஷம் பிரேயர் ஹாலில் பேசின மனிதருக்கு வேர்த்துவிட்டது. பொறுப்பின் கனம் நாக்கை அழுத்துகிறது என்று குழுவிடம் சொன்னார்.

தலைவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஹெட்போனை வாங்கித் தன் தலையில் மாட்டினார். குற்றப்பத்திரிகையில் இரண்டு வரிகூடத் தாண்டவில்லை. பாம்பைப் பிடித்தவர் மாதிரி அதைக் கழற்றி வீசினார்.

அமிர்தவள்ளி எழுந்து நின்றாள். "சார், ஒரே ஒரு தடவ மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. நான் தொடமாட்டேன். நீங்களே கீழ் அம்பை அழுத்திட்டுப் படிச்சுப் பாருங்க" என்றாள்.

குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணைக் குழுவுக்கு யோசனை சொல்ல விதியில் இடமில்லை என்று துணைச் செயலாளர் எடுத்துக் காட்டினார். தலைவர் இதற்குள் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "இது ஒட்டுவாரொட்டி. ஒரு தோல்ல பூஞ்சை வந்தா பக்கத்துல அடுக்கின தோலுக்கும் வரும். இந்தம்மா காதுல மாட்டினதை நாம மாட்டினோம், நமக்கும் வந்துடுச்சு" என்றார். குழு முழுக்க அதை ஒப்புக்கொண்டது. சிலர் உடனே வாயைக் கொப்பளிக்கப் போனார்கள். ஹெட்போன் பின்பக்கம் கொண்டுபோய் எரிக்கப்பட்டது. அமிர்தவள்ளிக்குத் தனி டம்ளரும் தனி நாற்காலியும் ஒதுக்கி, வாசிக்கும்போது மைக்கின் மேல் அவள் தன் சொந்தக் கைக்குட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. தலைவரும் செயலாளரும் மறுநாள் காலை எழுந்ததும் பேசிப் பார்த்து, தங்களுக்குக் குணமாகிவிட்டதாக ஆளுக்கொரு கடிதம் கொடுத்தார்கள்.

தகுதிகாண் காலத்தின் கடைசி நாள் செயலாளர் அவளைத் தனியாக அழைத்தார். முகத்தில் கருணை இருந்தது. நிலையம் இனிமேல் கண் தெரியாதவர்களுக்கு மட்டுமல்லாமல் பேச்சுக் குறை உள்ளவர்களுக்கும் சேவை செய்யப்போகிறது என்றார். அதற்காக ஒரு பணியிடம் உருவாக்கியிருக்கிறார்கள்: பேச்சுக் குறையுடைய வாசிப்பாளர், நிரந்தரம். எனக்குப் பிறவியிலேயே திக்குவாய் என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

"இல்லாத கொறைய எப்படி சார் எழுதறது?" என்று கேட்டாள்.

"இருக்குதுன்னு நாங்க பதினாறு பேர் தீர்மானம் போட்டிருக்கோம். இல்லைன்னு நீ ஒருத்திதாம்மா சொல்ற. யோசிச்சுக்க" என்றார்.

யோசித்தாள். ஃபாக்டரி ஸ்டூலை நினைத்தாள். கையெழுத்துப் போட்டாள். பேனா மட்டும் திக்கவில்லை. நிரந்தர உத்தரவோடு வீட்டுக்குப் போனவள் அன்று ஒருவரிடமும் பேசவில்லை, கேட்டவர்களுக்கும் தலையைத்தான் ஆட்டினாள்.

ஜனவரியில் ஆண்டு விழா. பெரிய மனிதர்கள் வருவதால் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டரை மேடையிலேயே கொண்டுவந்து வைத்தார்கள். காலை ஒன்பது மணிக்கு நெல்வின் வந்து, இரண்டு பட்டனைத் தட்டி, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு மணிக்கு ஊரெங்கும் கரண்ட் போனது. மேடையில் ஒரு விளக்குகூட இமைக்கவில்லை.

மூன்று மணிக்குப் பிள்ளைகள் மேடை ஏறினார்கள். பார்வையற்றோர் பள்ளியிலிருந்து வந்த பன்னிரண்டு பேர், நிலையத்தின் சிடியைக் கேட்டே மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பித்தார்கள். காலையில் பதிந்த பக்கங்கள் தெளிவாக வந்தன. பிறகு பாலாற்றுக்கு வந்தார்கள். "பா... பாலா... லாறு கர்... கர்நா... நாடகத்தில்" என்று பன்னிரண்டு பேரும் ஒரே குரலில், ஒரே இடத்தில் நின்று, ஒரே இடத்தில் மூச்சு வாங்கிச் சொன்னார்கள். ஒருவரும் பிசகவில்லை. பாடம் அப்படித்தான் என்று நினைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன ஓர் ஒழுங்கு என்றார். மேடை ஓரத்தில் காத்திருந்த அமிர்தவள்ளி கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். அந்தப் பிள்ளைகளின் வாயில் இருந்தது அவள் நாக்கு.

அடுத்தது அவள். நிலையம் கைதூக்கிவிட்ட திக்குவாய்ப் பெண்மணி இப்போது வாசிப்பார் என்று செயலாளர் அறிவித்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அதே பாடத்தைப் பிரித்து, "பாலாறு" என்றாள். சொன்ன கணமே காதில் கேட்டது. காலையில் நெல்வின் எதை அழுத்தினார் என்பதும், இன்றைக்குக் கரண்ட் போகவில்லை என்பதும் அவளுக்கு உடனே புரிந்துவிட்டன. முன்வரிசையில் செயலாளர் தலையாட்டி ஊக்கப்படுத்தினார். திக்கிக் காட்டினால் போதும், வேலை இருக்கும்.

பிள்ளைகள் இன்னும் மேடையிலேயே வரிசையாக நின்றிருந்தார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பி வாசித்தாள். பாலாறு கர்நாடகத்தில் உற்பத்தியாகி என்று தொடங்கிக் கடலில் சேருகிற வரைக்கும், ஓர் எழுத்துகூட நசுங்காமல், இருநூறு மெஷினுக்கு மேலே கேட்கிற அந்தக் குரலில் வாசித்தாள்.

பிள்ளைகளில் ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம் கேட்டது மைக்கில் விழுந்தது. "இது வேற பாடமாடீ?"

பதினாறு பேரும் அங்கேயே, பந்தலுக்குப் பின்னால், அவசரக் கூட்டம் போட்டார்கள். திக்குவாய் இல்லாமலேயே திக்குவாய்ப் பணியிடத்தை அனுபவித்து நிலையத்தை ஏமாற்றினாள் என்று முடிவாயிற்று. அவள் கைப்பட எழுதிய கடிதமே சாட்சி. வழக்கமாக எதற்கும் நாற்பத்தேழு நாள் எடுத்துக்கொள்கிறவர்கள், இதை ஒன்பது நிமிஷத்தில் முடித்தார்கள்.

ஒலிநூல் நிலையம் என்பதால் அங்கே எந்த உத்தரவும் வாசித்துப் பதிவானால்தான் செல்லும். மறுநாள் மதியம் அவளை எதிரே நிற்க வைத்துக்கொண்டு செயலாளர் புது ஹெட்போனை மாட்டினார். ஜெனரேட்டர் திரும்பிப் போயிருந்தது, பன்னிரண்டு முதல் இரண்டு வரை வழக்கம்போல கரண்ட் இல்லை. "பணி... பணிநீ... நீக்க" என்றார். எட்டு முறை தொடங்கினார், எட்டு முறையும் அவள் பெயரைத் தாண்ட முடியவில்லை. அவள் கை எட்டுகிற தூரத்தில்தான் கீபோர்டு இருந்தது. செயலாளர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நெல்வின் சார்தான் வரணும் சார். எனக்கு அனுமதி இல்ல" என்றாள் அமிர்தவள்ளி.

அப்படியானால் நாளைக்குக் காலையில் வா என்றார். பணிச் சான்றிதழ் கைக்கு வராமல் எந்த ஃபாக்டரியும் வாசலில்கூட நிற்க விடாது என்பதால், தன்னை வேலையை விட்டு நீக்குவதற்காக மறுநாள் சரியாக ஒன்பது மணிக்கு வந்தாள். நெல்வின் வந்து, இரண்டு பட்டனைத் தட்டி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். செயலாளர் உத்தரவை ஒன்றரை நிமிஷத்தில், ஒரு சொல்கூடப் பிசகாமல் வாசித்து முடித்தார். ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது.

"பார்த்தியாம்மா, மனசு சுத்தமா இருந்தா வாய் கொழறாது" என்றார்.

சான்றிதழில் 'நடத்தை' என்பதற்கு எதிரே திருப்தி இல்லை என்றும், 'குரல்' என்பதற்கு எதிரே லைனிங்குக்கு மட்டும் என்றும் இருந்தது. அவள் அதை நான்காக மடித்து டிபன் பாக்ஸ் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.

அந்தப் பணிநீக்க உத்தரவின் பதிவு இன்னும் நிலையத்தில் பத்திரமாக இருக்கிறது. அதைவிடத் தெளிவான ஒலிப்பதிவு அவர்களிடம் வேறு இல்லை. புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்கு, எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு மாதிரியாக முதல் நாள் காலையில் அதைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள்.